சாக்கு

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி போன வாரத்துக்கு இந்த வாரம் பரவாயில்லை.

நீ கோபத்தில் இருக்கிறாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாய். நான் பக்கத்தில்தான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். போனை என் பக்கம் நீட்டுவாள் என்று கையை வேட்டியில் துடைத்துத் தயாராகக்கூட இருந்தேன். நீட்டவில்லை. "அவ உங்ககிட்ட பேச மாட்டாளாம்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது.

எல்லாம் சிலோன் மாமா செய்த வேலை. வெள்ளை பூத்த புல்தரை, நடுவில் நம் பழைய ஆல்ட்டோ, பக்கத்தில் குரங்குக் குல்லாவோடு நான். அதைப் போய் ஸ்டேட்டஸில் வைப்பாரா ஒரு மனுஷன்? கனடாவில், எட்மன்டனில் உட்கார்ந்துகொண்டே அது என்ன இடம் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய்.

போன வருஷம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, இனிமேல் மலையில் கார் ஓட்டக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாய். வீடியோ காலில் எப்படியம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்வது என்று சிரித்து மழுப்பினேன். ஆகக் கணக்குப்படி பார்த்தால் எந்தச் சத்தியத்தையும் நான் மீறவில்லை. சரி, இந்த வாதம் உன்னிடம் எடுபடாது.

போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பாய், நான் முழிப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். மில்லிலிருந்து கொண்டுவந்த பழைய ஷிப்ட் நோட்டில் பாதிப் பக்கம் வெறுமனே கிடந்தது. எழுதி முடித்ததும் எதிர்வீட்டுப் பையன் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். கையெழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கேள்.

சிலோன் மாமாவின் அக்கா பந்தலூர்ப் பக்கம் இருக்கிறார் அல்லவா, அவர் ஒரு வழியாகச் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டார். பொங்கல் கழிந்து வெள்ளிக்கிழமை விடிகாலை பால் காய்ச்சு. தம்பி சீராகக் கிரைண்டர் வாங்கியிருந்தார். கோயமுத்தூர்க்காரன் வேறு என்ன வாங்குவான்? அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது? அதோடு மாமாவுக்கு இப்போது முக்கால் மணிக்கொரு தடவை வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அரசு பஸ் டிரைவரிடம் அதைச் சொல்ல முடியுமா? "அண்ணே, நீங்க வந்தா போலாம், இல்லாட்டி நான் கிரைண்டரை மட்டும் பார்சல்ல போட்டுடறேன்" என்றார். அந்த அக்கா முப்பது வருஷம் இலை பறித்துக் கட்டிய வீடு. கிரைண்டர் மட்டும் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? போனோம்.

உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவரை சிலோன் மாமா என்றுதான் கூப்பிடுகிறாய். ஏன் சிலோன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே மலைத்தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள். ஏதோ மூட்டைக் கணக்கு மாதிரி. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நம் வனத்துறை நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. இப்போது டான்டீ என்கிறோமே, அதுதான். மாமாவின் குடும்பம் வந்தது 1973-ல். அவருக்கு அப்போது ஒன்பது வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து லாரியில் கோத்தகிரி. பத்தொன்பது வயதில் மலை இறங்கி நம் மில்லுக்கு வந்தார். முதல் நாளே நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் கையைக் கொடுத்துவிட்டு என் அறைக்கு ஓடிவந்தார், அங்கேதான் முதலுதவிப் பெட்டி இருந்தது. அன்றைக்குப் பிடித்த சிநேகிதம்.

வியாழக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். இப்போது நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும். 2024-லிருந்து இருக்கிறது, மாமாவின் மகன் போனில் எடுத்துக் கொடுத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகப் போகாமல் கோத்தகிரி வழியாகப் போனோம், மாமா தன் பழைய லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, பார்க்க வேண்டும் என்றார். குஞ்சப்பனை செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று காரைத் துழாவினார்கள். கிரைண்டரைப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, ஊட்டியில மாவு ஆட்டவா?" என்றான் ஒரு பையன். லயத்தில் மாமா இருந்த வீட்டுக்கு வேறு கதவு, வேறு நிறம். அஞ்சு நிமிஷம் நின்று பார்த்தார். "வாங்கண்ணே" என்று வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தைப் பற்றி அதற்கு மேல் எனக்கும் சொல்வதற்கு இல்லை.

பால் காய்ச்சு நன்றாக நடந்தது. அக்கா உன்னை மிகவும் விசாரித்தார்.

திரும்பும்போதுதான் கதை. அவர்கள் சாப்பாடு போட்டு, மறுபடி டீ போட்டு, மிளகு கட்டிக் கொடுத்து, கூடலூரை விட்டுக் கிளம்பவே நாலே முக்கால் ஆகிவிட்டது. கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஐம்பது கிலோமீட்டரில் அவ்வளவும் ஏற வேண்டும். ஊசிமலை, தவளைமலை தாண்டும்வரை வெயில் இருந்தது. நடுவட்டத்தில் மாமாவுக்காக நிறுத்தினேன். 1860-களில் மலேரியாவுக்கான மருந்துக்காக வெள்ளைக்காரன் சின்கோனா மரம் போட்ட ஊர் அது. பனிமூட்டம் அங்கேயே பிடித்துக்கொண்டது.

பைக்காராவில் ஒரு டீ குடித்தோம். டீ சுமார்தான். ஆனால் அந்த இடத்தில் நின்று குடிக்காமல் நான் வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் உன்னையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். 1932-ல் அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்த கரண்ட் கோயமுத்தூருக்கு இறங்கியது. சில மில்கள் முன்னமே இருந்தன, ஆனால் நம் ஊரில் மில்கள் வரிசையாக முளைத்தது அதற்கப்புறம்தான். உன் தாத்தா காட்டை விட்டு மில்லுக்குப் போனது, நான் போனது, உன் காலேஜ் ஃபீஸ், நீ ஏறிய விமானம் எல்லாம் இந்த ஆற்றிலிருந்து வந்தவை என்று மாமாவிடம் சொன்னேன். "அண்ணே, மணி ஆறாகுது" என்றார்.

இனி வருவதை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். பைக்காரா தாண்டியதும் நன்றாக இருட்டிவிட்டது. மூட்டத்தில் ஹைபீம் போடக் கூடாது, வெளிச்சம் நம் முகத்திலேயே திரும்பி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். லோபீமில்தான் போனேன், இருபதுக்கு மேல் போகவில்லை. ஆனால் எதிரே ஒரு காய்கறி லாரி வந்தது. அதன் விளக்கு என் இடது கண்ணில் பட்டதும் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி எங்கும் வெள்ளை. ரோடு எங்கே, ஓரம் எங்கே என்று தெரியவில்லை. மூன்று விநாடி இருக்கும். இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கி, கல்லில் ஏறி, நின்றது. பள்ளம் அந்தப் பக்கம் இல்லை. இந்த வரியை நான் மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன், நோட்டில் பார்த்தால் தெரியும்.

மாமா ஒன்றும் பேசவில்லை. இறங்கிப் போய் ஒதுங்கிவிட்டு வந்து, கதவைச் சாத்தி, "போதும்ணே. முதல்ல எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க படுத்துக்கலாம்" என்றார்.

வெளிச்சம் தெரிந்தது தலைகுந்தாவில். காமராஜ் சாகர் அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம், கூடலூர் ரோடும் கல்லட்டி ரோடும் பிரிகிற இடம். ஊட்டி இன்னும் ஆறேழு கிலோமீட்டர்தான். போயிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ரோட்டோரம் ஒரு படுகர் வீட்டில் மாடியறையை வாடகைக்கு விடுகிறார்கள். ஆயிரத்து இருநூறு, ஹீட்டர் வேண்டுமென்றால் தனியாக முந்நூறு. அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஹீட்டருக்குக் காசு வேண்டாம் என்றார். சூடாகச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார். அம்மாவிடம் சொல்லாதே, அந்த மாதிரி அவரைக் குழம்பு நான் சாப்பிட்டதில்லை.

மாமா முற்றத்தில் கரியடுப்பு எரிவதைப் பார்த்து, அதை அறைக்குள் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். அந்த அம்மா ஒரே சத்தம். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் மலையில் நடந்திருக்கின்றன. கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது. ஹீட்டர் போட்டாலும் ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டில் அதற்கென்று ஒரு அலாரம் சுவரில் மாட்டியிருப்பதாக ஒருமுறை காட்டினாயே, அப்போது அது எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு மூட்டம் மொத்தமாக விலகியது. கை கழுவ வெளியே வந்த அந்த அம்மா அண்ணாந்து பார்த்து, "வானம் கழுவி விட்டாப்ல இருக்கு, காத்தும் இல்ல. காலைல வெள்ளையாத்தான் இருக்கும்" என்றார். மாமா உடனே, "அக்கா, உருளைக்கிழங்கு சாக்கு ஒண்ணு இருந்தா குடுங்க, கார் கண்ணாடி மேல போட்டுடறேன்" என்றார். நான் சிரித்தேன். கிழடு தட்டிய காருக்குச் சாக்குப் போர்வை வேறேயா, இது என்ன கனடாவா என்று சொன்னேன். மாமா சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு கம்பளி போர்த்தியும் கீழேயிருந்து குளிர் ஏறியது. மாமாவும் விழித்திருந்தார். இருட்டில் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பத்திரண்டு வருஷம் பழகியும் நான் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். கப்பலில் வரும்போது அவருடைய அம்மா ஒரு பழைய கம்பளியை மட்டும் பெட்டிக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அங்கே தோட்டத்தில் மழைக்கும் குளிருக்கும் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு இலை பறிக்கிற கம்பளி. இந்தியா வெயில் தேசம், இது எதற்கு என்று கூட வந்தவர்கள் கேலி செய்தார்களாம். ராமேஸ்வரத்தில் இறங்கினால் வியர்வை கொட்டுகிறது, அம்மாவுக்கே வெட்கமாகப் போய்விட்டதாம். நாலு நாள் கழித்துக் கோத்தகிரியில் லாரியிலிருந்து இறங்கியதும் ஐந்து பிள்ளைகளையும் அதற்குள்ளே இழுத்து மூடிக்கொண்டாராம். "கேலி பண்ணவங்க எல்லாம் பக்கத்து லயத்துல பல்லு கிடுகிடுன்னு நின்னாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாமா ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் சத்தமில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "கம்பளி அக்காகிட்டதான் இருக்கு. நேத்து பீரோல வச்சிருந்துச்சு, பாத்தேன்" என்றார்.

காலை ஆறரைக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

அம்மிணி, உனக்கு இது சாதாரணம். உன் ஊரில் ஆறு மாதம் இதுதான் என்கிறாய். இருந்தாலும் சொல்கிறேன். எதிரே இருந்த புல்வெளி முழுக்க உப்பளம் மாதிரி கிடந்தது. ரோட்டோரக் கம்பிவேலியில் முள்ளுக்கு முள் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. கற்பூர மரங்களுக்கு அடியில் மட்டும் பச்சைத் திட்டுகள். ஆள் நடமாட்டம் இல்லை, எங்கேயோ தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் சுற்றுகிற சத்தம். வெயில் படுவதற்கு முன்னால் கேரட் இலை மேல் படிந்ததைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார்களாம். தேயிலை போட்டவர்கள் தாகைச் செடியை வெட்டிவந்து இளஞ்செடிகளை மூடி வைக்கிறார்கள். உறைந்த இலையில் சட்டென்று வெயில் பட்டால் கருகிவிடும்.

வாசல் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. 3 டிகிரி காட்டியது. எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. முப்பத்தோரு வருஷம் மில்லில் ஹியூமிடிட்டி பிளான்ட் பார்த்தவன் நான். ரிங் ஃபிரேமில் ஈரப்பதம் ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் நூல் அறும், மாஸ்டர் என் கழுத்தை அறுப்பார். வெட் பல்ப், டிரை பல்ப் என்று இரண்டு தெர்மாமீட்டரையும் பார்க்காமல் எனக்கு ஒரு ஷிப்ட் ஓடியதில்லை. 3 டிகிரியில் எப்படி உறையும்? வாசலில் நின்று யோசித்து, குனிந்து தரையைத் தொட்டதும்தான் புத்தியில் ஏறியது. 3 என்பது ஆளுயரத்தில் சுவரோரம் இருக்கிற காற்றின் கணக்கு. தரையும் புல்லும் கார் கண்ணாடியும் ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு தங்கள் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி கொஞ்சம் திருப்பித் தரும். வானம் வெறுமையாக இருந்தால் போனது போனதுதான். காற்றும் அசையாவிட்டால் குளிர்ந்த காற்று கனத்துப் போய்ப் பள்ளத்தில் தேங்கிவிடும், தலைகுந்தா அப்படிப்பட்ட பள்ளம். காற்று 3-ல் இருக்கும்போதே புல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. நீராவி தண்ணீராக மாறாமலே நேராகப் பனியாகி அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. மரத்தடியில் ஏன் இல்லை என்பதும் விளங்கிவிட்டது, அங்கே இலைக்கூட்டம்தான் போர்வை. இவ்வளவையும் அந்த அம்மா ஒரு தடவை அண்ணாந்து பார்த்தே சொல்லிவிட்டார் என்பது வேறு விஷயம்.

காருக்கு வருகிறேன். பக்கத்துக் கண்ணாடிகளில் லேசான புகைதான். முன் கண்ணாடி வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது அல்லவா, அதன்மேல் முழுக்கக் கோழியிறகு வரைந்த மாதிரி. ஒன்றிலிருந்து ஒன்று கிளை பிரிந்து, ஓரத்தில் சுருண்டு. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். மூச்சு பட்ட இடம் கலங்கி மறுபடி உறைந்தது. அழகுதான். ஆனால் ஏழரைக்குள் கிளம்பினால்தான் மாமா மதிய மாத்திரைக்கு வீட்டில் இருப்பார். உள்ளே உட்கார்ந்து பழக்கதோஷத்தில் வைப்பரைப் போட்டேன். கர்ரென்று ஒரு சத்தம், நகரவில்லை, ரப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அணைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் கொதிக்கிற வெந்நீர் ஒரு கெட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். ஊற்றப் போகிற சமயத்தில் மாடிப்படியில் மாமா, "அண்ணே! கண்ணாடி வெடிச்சுரும்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறார். காலில் அந்த உருளைக்கிழங்குச் சாக்கு. இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார், அதோடே தத்தித் தத்தி இறங்கி வந்தார். "காருக்கு வேணாம்னீங்க, சும்மா எதுக்குக் கிடக்கணும்னு நான் போட்டுக்கிட்டேன்."

வெந்நீரை முகம் கழுவ வைத்துக்கொண்டோம். கண்ணாடியைச் சுரண்டத்தான் வேண்டும் என்றார். எதைக் கொண்டு சுரண்டுவது? ஏ.டி.எம். கார்டு வளைந்தது. பர்ஸில் மில் அடையாள அட்டை இருந்தது, பழைய தடிமன் லேமினேஷன். மில் மூடிய பிறகு அந்த அட்டை செய்த முதல் உருப்படியான வேலை இதுதான். ஓரத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். சர்க் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்த சத்தம் அது. உன் போனில் கேட்டது.

உனக்குக் காலை ஏழு, எங்களுக்கு ராத்திரி ஏழரை. அடுப்படியில் காபி போட்டுக்கொண்டே பேசுவாய். நான் பேச்சை எடுத்து இரண்டு வாக்கியம் போவதற்குள், "அப்பா, கார் கண்ணாடி சுரண்டணும்ப்பா, அப்புறம் பேசறேன்" என்பாய். சில சமயம் கட் பண்ண மறந்து போனைப் பையில் போட்டுவிடுவாய், அப்போது இந்தச் சத்தம் வரும், சர்க், சர்க் என்று. நான் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் என்ன சொல்வேன் தெரியுமா? "உம் பொண்ணு மறுபடியும் சாக்கு சொல்லிட்டா." மூன்று குளிர்காலமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போயிற்று, இதற்கு என்ன பத்து நிமிஷம், அப்பனோடு பேச மனசில்லை, ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ராத்திரி காரை பிளக்கில் போட வேண்டும் என்று நீ சொன்னபோது எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறாய் போலிருக்கிறது, அப்பனிடம் சொல்லவில்லை என்றும் அம்மாவிடம் குறைப்பட்டேன். எஞ்சின் உறையாமல் இருக்க ஹீட்டருக்குத்தான் அந்த பிளக் என்று மாமாவின் மகன் சொன்ன பிறகும் பாதிதான் நம்பினேன்.

முன் கண்ணாடியில் என் பக்கம் மட்டும் சுரண்ட எனக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. வாட்ச் பார்த்தேன். பாதியிலேயே விரல் நுனி நாலும் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. அட்டை கீழே விழுந்தது கைக்குத் தெரியவில்லை, காதுக்குத்தான் தெரிந்தது. அப்புறம் டீ கிளாஸைப் பிடித்தபோது சூடு ஏறிக் கை குத்தியதே, அப்படி ஒரு வலி. அதுவும் 3 டிகிரியில். நீ மைனஸ் 28 என்று படம் அனுப்பினாய், நான் ஒரு கைகூப்பும் பொம்மை அனுப்பினேன்.

மாமா மறுபக்கம் சுரண்டிக்கொண்டே, "என்னண்ணே, பேச்சையே காணோம்" என்றார். குளிருது என்றேன். அப்போதுதான் என்னை நிற்க வைத்து அந்தப் போட்டோவை எடுத்தார். படத்தில் என் கையில் அந்த அட்டை இருக்கும், பெரிதாக்கிப் பார்.

கிளம்பும்போது அந்த அம்மா வர்க்கியும் டீயும் கொடுத்தார். சாக்கைத் திருப்பிக் கொடுத்தபோது, "வேண்டாம், காலுக்கு ஆகும், வச்சுக்குங்க" என்று மாமாவிடமே தந்துவிட்டார். வழியில் இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தோம், மில்காரர்கள் மூடிய ஆலையைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், மரியாதைக்கு. குன்னூர் தாண்டி இறக்கத்தில் முழுக்க இரண்டாம் கியர், வெயில் நன்றாக இருந்தது, கண் கூசவில்லை. பதினொன்றரைக்கு வீடு.

இப்போது உனக்கு வேண்டிய செய்தி. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், திங்கட்கிழமை நானே போய்த் தேதி வாங்கிவிட்டேன். அதுவரை சாயங்காலம் ஐந்துக்கு மேல் கார் சாவி அம்மாவிடம். மளிகைக்கடைக்குக்கூட நடைதான். மாமாவும் அவர் பங்குக்கு டிரைவிங் ஸ்கூலில் சேரப் போகிறேன் என்கிறார். அறுபத்தொரு வயதில். அதை நீயே அவரிடம் பேசிக்கொள்.

உனக்கு அந்தச் சாக்கைப் பார்சலில் அனுப்பலாமா என்று மாமா கேட்கச் சொன்னார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறார், கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறார். ராத்திரி கண்ணாடிமேல் போட்டு, ஓரத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டால் காலையில் உருவி எடுத்தால் போதுமாம். உங்கள் ஊர்ப் பனிக்கு இது தாங்குமா என்று எழுது.

அப்புறம் ஒன்று. நாளைக்குப் போன் பண்ணினால் சுரண்டுவதற்கு முன்னால் வைத்துவிடாதே. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போ, வெளியே வைத்தால் குளிரில் போன் அணைந்துவிடும் என்பாய். நீ பேச வேண்டாம். நானும் எதுவும் கேட்கமாட்டேன், வேலையைப் பார். உன் கண்ணாடிக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நான் இங்கே வாட்ச் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா